ஓடும் ஊழியமும்

மதம் மாறியவருக்குச் சாதி போயிற்று. கூடவே வேலையும் போயிற்று. வெறும் ஜெபத்தில் உலை கொதிக்காது என்று பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பினர் தறி போட்டார்கள். 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை. பிறகு பாலக்காட்டிலும் ஒன்று. லாபம் ஊழியத்துக்கு. சூளையில் வெந்த ஓடு மட்டும் மதம் பார்க்கவில்லை. காசு கொடுத்தவர் கூரையிலெல்லாம் ஏறி உட்கார்ந்தது.

இன்றும் ஊழியமும் வியாபாரமும் ஒரே கூரையில்தான். குமுளிப் பக்கம் ஒரு பேக்கரி. சுவர் முழுக்க வேத வசனம். கல்லாவுக்கு மேலே மட்டும் 'கடன் அன்பை முறிக்கும்'.

"கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே கடனை மன்னிக்கச் சொல்லியிருக்கே, அண்ணாச்சி?" என்றேன்.

"அது சர்ச்சுல, சார். இங்க ரெண்டு பப்ஸ், ஒரு டீ. சில்லறையா கொடுங்க."