படகுச் சக்கரம், பந்தயக் கார்

கேள்வி: அமெரிக்காவில் 1932 ஃபோர்டை வேகத்துக்காக மாற்றியமைத்து ஹாட் ராட் ஆக்குகிறவர்கள், பழைய கிறிஸ்-கிராஃப்ட் மோட்டார் படகின் ஸ்டீயரிங்கைத் தேடிப்பிடித்து மாட்டுகிறார்களாமே! சரிப்படுமா?

பதில்: அழகில் குறை சொல்ல முடியாது. மிச்சிகன் ஏரிகளில் உலாவிய மகாகனி மரப் படகின் மிடுக்கு, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் சீறிய காருக்கும் பொருந்தத்தான் செய்கிறது. ஏரிக்கு ஏரி சம்பந்தம்!

ஆனால் ஜாதகத்தைப் பார்க்க வேண்டாமா? படகின் ஷாஃப்ட் பெரும்பாலும் கூம்பாகச் சரிந்து, ஒரே ஒரு சாவிக்கட்டையை நம்பி இருக்கும். காரில் பிற்காலத்து ஸ்டீயரிங் தண்டு பொருத்தியிருந்தால், அதில் சுற்றிலும் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருக்கும். இரண்டும் தாமாகச் சேராது. நல்ல லேத்காரரிடம் கொடுத்து, நடுவில் ஓர் எஃகு ஹப் கடைந்து வாங்க வேண்டும். பழைய வார்ப்பு ஹப்பை அப்படியே பற்றவைத்துவிடுகிற வீரர்களும் உண்டு. அவர்கள் ஓட்டும்போது நான் நடந்தே வருகிறேன்.

விளிம்பையும் கவனியுங்கள். ஆரக்கால் சேருமிடத்தில், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் ஓடும். எபாக்சி பூசி மெருகேற்றினால் கண்ணுக்கு மறையும். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் அதைப் பூச்சு காப்பாற்றாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காரை நின்ற இடத்தில் திருப்பும்போது, உங்கள் மொத்த பலமும் அந்த விளிம்பில்தான் இறங்குகிறது.

கண்காட்சிக்கு மாட்டுங்கள். சாலைக்கு என்றால், ஹப்பும் கம்பியும் சோதித்துத் தேறிய பிறகே!