பெக்கியின் வேட்டை

கேள்வி: நவீன ஓவியம், சிற்பம் என்று வாங்கிக் குவிப்பதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே? கலைக்கு அதனால் என்ன லாபம்?

பதில்: அமெரிக்கப் பணக்காரப் பெண்மணி பெக்கி குகன்ஹைமின் பொழுதுபோக்கைக் கேளுங்கள். 1940இல் ஜெர்மன் படை நெருங்க, பாரிஸே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. இந்த அம்மாளோ நாளுக்கொரு படம் என்று வாங்கிக்கொண்டிருந்தார். ஹிட்லர் நார்வேக்குள் நுழைந்த அன்று லெஜேயின் ஓவியத்துக்கு விலை பேசினார்! சிற்பி பிரான்குசியின் பித்தளைப் பறவையும் அப்போது வந்ததுதான். அதற்கு இறகில்லை, அலகில்லை, கண்ணில்லை. மெலிந்து மேலே எழும் ஒரே வளைவு, கண்ணாடியாகத் தேய்த்த மேனி. பறவையை விட்டுவிட்டுப் பறத்தலை மட்டும் பிடித்துவிட்டார் மனிதர்! இத்தனையையும் காப்பாற்றி வைக்க இடம் கேட்டபோது லூவ்ர் அருங்காட்சியகம் கைவிரித்துவிட்டது. எப்படியோ அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்.

1943இல் பெக்கியின் பெரியப்பா நிறுவிய அருங்காட்சியகத்தில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞருக்கு, மாதம் 150 டாலர் கொடுத்து ‘நீ வரை’ என்றார் பெக்கி. அவர்தான் பின்னாளில் அமெரிக்க நவீன ஓவியத்தின் பெரும் பெயரான ஜாக்சன் போலாக். இதைவிடப் பெரிய லாபம் கலைக்கு வேண்டுமா?

கடைசிவரை பெக்கி வாழ்ந்த வெனிஸ் மாளிகைதான் இன்று அருங்காட்சியகம். கால்வாய்ப் பக்கம் சிற்பி மரினோ மரினியின் குதிரைவீரன் கைவிரித்து அமர்ந்திருக்கிறான், உடம்பில் துணியில்லாமல், முழு ஆண்மையோடு. அந்த உறுப்பை மட்டும் அப்போது திருகிக் கழற்ற முடிந்தது. கன்னியாஸ்திரீகள் வரும் திருநாளில் பெக்கி கழற்றி உள்ளே வைத்துவிடுவாராம்.