கூடத்து அலமாரியும் கட்டிலடி அட்டைப்பெட்டியும்

(இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே வாசிப்பைப் பற்றியவை. "பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்று முக்கால்வாசிப் பேர் கெஞ்சியிருப்பதால் ஊர் மட்டும்.)

'பொன்னியின் செல்வ'னை மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும் கடம்பூர் மாளிகையிலேயே நின்றுவிட்டேன். இதை வெளியில் சொல்லலாமா? – விருத்தாசலம்

சொல்லிவிட்டீர்களே! கல்கி அதை 1950இல் தொடங்கி 1954 வரை வாரப் பத்திரிகையில் எழுதினார். அன்றைய வாசகர்கள் மூன்றரை வருஷம் எடுத்துக்கொண்டு படித்ததை நீங்கள் தீபாவளி லீவுக்குள் முடிக்கப் பார்க்கிறீர்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், இரண்டு அத்தியாயம் என்று போய்ப் பாருங்கள். அதற்கு மேல் படிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டால் நீங்களே அதை மீறிவிடுவீர்கள். எதற்கும் சீக்கிரம் போங்கள். சதிக் கூட்டத்தை ஒளிந்திருந்து பார்த்த வந்தியத்தேவனை மூன்று தடவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், பாவம்.

புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. – நாகர்கோவில்

எந்தப் புத்தகம் என்று உடனே எழுதவும். அவசரம்.

உங்கள் வாசிப்பு ரசனை எப்படிப்பட்டது? உண்மையைச் சொல்லுங்கள். – கோவை

'உண்மையை' என்று சேர்த்துவிட்டீர்கள். இல்லாவிட்டால் இரண்டு ரஷ்யப் பெயர்களைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று உண்டு. புதுமைப்பித்தன், அசோகமித்திரன், கி.ரா., மாஸ்கோவில் அச்சாகி இங்கே மலிவு விலைக்கு வந்த தடித்தடி மொழிபெயர்ப்புகள் எல்லாம் அதில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள், அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி. வருகிறவர்களுக்கு அலமாரி, எனக்குப் பெட்டி என்பது சொல்லாமலே ஏற்பட்ட ஏற்பாடு.

போன வருஷம் வெள்ளையடிக்க இரண்டையும் காலி செய்தோம். மொழிபெயர்ப்புகளின் மேல் விரலால் கையெழுத்தே போடலாம், அவ்வளவு தூசி. பெட்டியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. "கட்டிலுக்கடியில பெருக்குறதே இல்ல, அது எப்படிங்க இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். கேட்கிற மாதிரி கேட்டாளே தவிர, அது கேள்வி இல்லை.

ஒன்று மட்டும் எனக்கே எதிர்பாராதது. அலமாரியிலும் சில புத்தகங்களில் தூசி இல்லை. 'பதினெட்டாவது அட்சக்கோடு'க்குள் பஸ் டிக்கெட். 'கோபல்ல கிராம'த்தில் சாம்பார்க் கறை. யாரும் பார்க்காதபோது, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையும் படித்திருக்கிறேன். ஆக, என் ரசனை என்னவென்று எனக்குத் தெரியாது, தூசிக்குத்தான் தெரியும்.

இயற்கை வர்ணனை வந்தால் தாண்டிவிடுகிறேன். தப்பா? – ஈரோடு

நிலா ஒன்றும் தப்பாக நினைத்துக்கொள்ளாது.

பிடிக்காத புத்தகத்தை எத்தனையாவது பக்கத்தில் மூடலாம்? – வேலூர்

டானியல் பென்னாக் என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1992இல் வந்த அவருடைய புத்தகத்தில் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டென்று பட்டியல் போட்டார். முதல் உரிமை, படிக்காமலே இருப்பது. இரண்டாவது, பக்கங்களைத் தாண்டுவது (ஈரோட்டுக்காரர் கவனிக்க). மூன்றாவது, பாதியில் மூடுவது. வாத்தியாரே சொன்ன பிறகு நமக்கென்ன?

என் கணக்கு விலையைப் பொறுத்தது. இரவல் என்றால் பத்துப் பக்கம் பார்ப்பேன். அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கியது என்றால் நூறு பக்கம்வரை பல்லைக் கடித்துக்கொள்வேன். நண்பர் எழுதியது என்றால் முன்னுரை, கடைசிப் பக்கம், பிறகு "நடை நல்லா இருக்கு" என்று ஒரு போன்.

போன ஜனவரியில் வாங்கியதையே இன்னும் பிரிக்கவில்லை. ஆனாலும் புத்தகக் காட்சிக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. – தாம்பரம்

வாங்கிக் குவித்துப் படிக்காமல் விடுவதற்கு ஜப்பானியர்கள் 'சுண்டோகு' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் 1977இல் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் சின்னதாகத் தொடங்கிய காட்சி அது. அன்றிலிருந்து பத்து சதவீதக் கழிவில் நூறு ரூபாய் மிச்சம்பிடிக்க ஆயிரம் ரூபாய் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். நானும் ஒவ்வொரு வருஷமும் பை நிறைய வாங்கி வருகிறேன். வாங்கிய அன்றே முழுசாக முடித்தது டெல்லி அப்பளம் மட்டும்தான்.

இரவல் கொடுத்த புத்தகம் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. அவர் தினமும் என் தெருவில்தான் வாக்கிங் போகிறார். – மயிலாடுதுறை

பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது அதில் ஒன்று. உங்கள் புத்தகம் தன் வாசகரைக் கண்டுபிடித்துவிட்டது. அது நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

ஒலிப்புத்தகம் கேட்பதைப் 'படித்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாமா? – சிங்கப்பூர்

பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையில் ஒருவர் உரக்க வாசிப்பார், சுற்றிப் பத்துப் பேர் கேட்பார்கள். மறுநாள் அந்தப் பத்துப் பேரும் வேதாளத்துக்கே பதில் சொல்வார்கள். அவர்களிடம் போய் "நீ படிக்கவில்லையே" என்று யார் கேட்டது? எனக்கு இருக்கும் குறை வேறு. பிடித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்க முடியவில்லை. பார்த்துத் திரும்புவதற்குள் வாசிக்கிறவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

வாசிக்கும் பழக்கம் எங்கிருந்து தொற்றியது? – தேவகோட்டை

மளிகைக்கடையிலிருந்து. சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிவிட்டு, தாளில் ஒட்டியதை நக்கிக்கொண்டே அதில் அச்சாகியிருப்பதைப் படிப்பேன். ஒரு தடவை நல்ல துப்பறியும் தொடர்கதை. அறைக்குள் பிணம், உள்பக்கம் தாழ்ப்பாள். இன்ஸ்பெக்டர் "கொலை செய்தது வேறு யாருமில்லை" என்று வாயைத் திறக்கிற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மறுநாள் தேவையே இல்லாமல் இன்னொரு கால் கிலோ வாங்கப் போனேன். மிச்சக் கதை யார் வீட்டுக்கோ துவரம்பருப்போடு போயிருந்தது. நாற்பது வருஷமாகக் கொலைகாரனைத் தேடித்தான் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது சர்க்கரை பிளாஸ்டிக் உறையில் வருகிறது. அதில் படிக்க எடையும் விலையும்தான் இருக்கின்றன.

படித்ததையே திரும்பப் படிப்பது நேர விரயம்தானே? – திருநெல்வேலி

இருபது வயதில் 'மோகமுள்' படித்தபோது நான் பாபு. சந்தேகமே இல்லை. யமுனாவுக்காக உருகினேன், பென்சிலால் அங்கங்கே கோடு போட்டேன். ஐம்பதில் மறுபடி எடுத்தால், பாபுவின் அப்பா வருகிற இடத்தில் எல்லாம் தொண்டையை அடைக்கிறது. கோடு போட்ட இடங்களை எதற்காகப் போட்டான் அந்தப் பையன் என்று தெரியவில்லை. அப்பா வருகிற பக்கங்களில் ஒரு கோடு இல்லை. தாண்டியிருப்பான், ராஸ்கல்.

கடைசியாக நீங்கள் முழுசாகப் படித்து முடித்தது? – காஞ்சிபுரம்

புது மிக்ஸியோடு வந்த கையேடு. தமிழ்ப் பகுதி நவீன கவிதை மாதிரி இருந்தது. மற்ற மொழிகளைத் தாண்டிவிட்டேன்.