மூளைப்படப் பண்டிதர்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள மனவியல் துறைக் கட்டடங்களின் நிலவறைகளில், கனத்த காந்தங்களின் அருகாமையில் வாசம் செய்யும் ஒருவகைப் பண்டிதர்கள் உண்டு. மோதிரம், கைக்கடிகாரம் முதலிய உலோக வஸ்துக்களைக் களைந்துவிட்டு வந்த கல்லூரி மாணவர்களை எஃப்.எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து, சிரிக்கும் முகங்களையும் அழும் முகங்களையும் காட்டி, அச்சமயம் மூளையின் எப்பகுதியில் ரத்தத்தின் பிராணவாயு நிலை மாறுகிறது என்று அளந்து, கருணை இங்கே இருக்கிறது, பொறாமை அங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவது இவர்களுடைய தொழில்.

அவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவரைக் கபடர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பரம யோக்கியர், ஓர் எண்ணைக்கூடத் திருத்தியறியாதவர். நல்ல சேதியின்மேல் கொஞ்சம் பிரியம் அதிகம், அதைத் தேடிப் பிடிப்பதில் சிரத்தையும் அபாரம், அவ்வளவுதான்.

அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சாம்பல் நிற மூளை ஒன்று திரையில் கிடக்கிறது. தற்செயலுக்கு இடங்கொடுக்கும் வரம்பை 0.001 என்று வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. 0.005 என்று தளர்த்துகிறார். நெற்றிக்குச் சற்றுப் பின்னால் மிளகளவு ஆரஞ்சுப் பொட்டொன்று உதயமாகிறது. “நான் எதிர்பார்த்த இடமேதான்!” என்று பக்கத்தில் நிற்கும் ஆராய்ச்சி மாணவியிடம் சொல்கிறார். பொட்டு காதோரம் உதித்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும்; ஆனால் அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவர் அவர்.

“இந்தப் பொட்டைத் தேர்ந்தெடுத்த அதே எண்களைக் கொண்டே இதன் பலத்தையும் அளக்கலாமா?” என்று அவள் மெதுவாகக் கேட்கிறாள்.

“வேறு எண்கள் நம்மிடம் ஏது?” என்கிறார் பண்டிதர், உண்மையான வியப்போடு.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. மூளையை ஐம்பதாயிரம் சிறு கட்டங்களாக, அதாவது வோக்ஸல்களாக, பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மனிதனின் குணத்துக்கும் ஒட்டுறவு உண்டா என்று பதினாறு பேரை வைத்துப் பார்த்தால், உண்மையில் ஒரு தொடர்பும் இல்லாத இடத்தில்கூட 0.001 என்ற வரம்பைச் சுமார் ஐம்பது கட்டங்கள் தற்செயலாகத் தாண்டிவிடும். அதைவிட விசேஷம், பதினாறே பேர் என்றால் ஒட்டுறவு ஏறக்குறைய 0.7க்குக் குறைந்த எதுவும் அந்த வரம்பைத் தாண்டவே முடியாது என்பது. தாண்டி வந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துச் சராசரி போட்டு, “ஒட்டுறவு 0.8! எவ்வளவு பெரிய விளைவு!” என்று பண்டிதர் பரவசப்படுவது, ஒரு பரீட்சையில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளை மட்டும் நிறுத்தி வைத்து, அதே பரீட்சையின் மார்க்கைக் கூட்டிப் பள்ளிக்கூடத்தின் யோக்கியதையை நிர்ணயிப்பதற்குச் சமானம். வரம்பை இன்னும் கடுமையாக்கினால் பொய்ப் பொட்டுகள் குறையும் என்பது வாஸ்தவம். ஆனால் தப்பிப் பிழைத்த பொட்டின் அளவு முன்னிலும் ஊதித்தான் தெரியும்.

2009ஆம் ஆண்டில் எட்வர்ட் வுல், ஹெரால்ட் பாஷ்லர் முதலிய நால்வர் இந்தச் சம்பிரதாயத்தைச் சபையில் வைத்து விசாரித்தார்கள். இத்தகைய ஆய்வுகளை எழுதிய கட்டுரையாசிரியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டதில், பாதிக்கும் மேற்பட்டோர் வரம்பைத் தாண்டிய கட்டங்களையே தேர்ந்தெடுத்து அளந்ததாக ஒப்புக்கொண்டார்கள். குணத்தை அளக்கும் வினாத்தாளும் சரி, காந்தமும் சரி, மறுமுறை அளந்தால் தம்மோடு தாமே முழுவதும் ஒத்துப்போகாத கருவிகள். ஆகையால் அவற்றுக்கிடையே எதிர்பார்க்கத்தக்க உச்ச ஒட்டுறவே 0.74 அளவில்தான் இருக்கும், அச்சில் வந்த 0.88 எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டார்கள். கட்டுரையின் தலைப்பில் முதலில் ‘வூடூ’, அதாவது மாந்திரீகம், என்ற சொல் இருந்தது. அச்சேறும்போது தலைப்பு சாதுவாகிவிட்டது. நம் பண்டிதர் இன்றளவும் ஆக்ஷேபிப்பது அந்தத் தலைப்பைத்தான்.

அதே ஆண்டில் கிரெய்க் பென்னெட் என்பவரும் சகாக்களும், கடையில் வாங்கிய செத்த ஸால்மன் மீனைக் குழாய்க்குள் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று மீனை வினவினார்கள். பல கட்டங்களை ஒருசேரச் சோதிக்கும்போது செய்யவேண்டிய, பல ஒப்பீடுகளுக்கான திருத்தத்தைச் செய்யாமல் கணக்கிட்டதில் மீனின் மூளையிலும் பொட்டு தோன்றியது. 2012இல் இதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்கு வழங்கும் இக்நோபல் பரிசு கிடைத்தது. பண்டிதர் தம் பிரசங்கங்களில் இந்த மீனைத் தவறாமல் காட்டி, எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கிறார். தம் ஆட்கள் உயிரோடிருப்பவர்களாயிற்றே என்ற தைரியம்.

பரிகாரம் இல்லாமலில்லை. பாதிப் பேரைக் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றப் பாதிப் பேரைக் கொண்டு அளவை எடுத்தால் போதும். மாணவியின் பிடிவாதத்துக்காகப் பண்டிதர் அதையும் செய்து பார்த்தார். 0.8 என்றிருந்தது 0.1 ஆகிவிட்டது. “இரண்டாவது பாதியினர் கவனமில்லாமல் படுத்திருந்திருக்கிறார்கள்” என்று தீர்ப்பளித்தார்.

2022இல் ‘நேச்சர்’ இதழில் ஸ்காட் மாரெக் குழுவினர் சுமார் 50,000 பேரின் மூளைப்படங்களை ஆராய்ந்து எழுதினார்கள். மூளையின் அமைப்புக்கும் இணைப்புக்கும் மனிதனின் அறிவுத்திறன், மனநலம் முதலியவற்றுக்கும் உள்ள ஒட்டுறவுகளில், மறுபரிசோதனையில் நிலைத்து நின்ற மிகப் பெரியதே 0.16. இத்தகைய நுண்ணிய தொடர்புகளைப் பிடிக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. ஆனால் இயந்திரத்துக்கு மணிக்குப் பல நூறு டாலர் வாடகை. பேராசிரியர் பதவியோ கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆயிரம் பேருக்கு அவர் எங்கே போவார்? இவ்விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபத்தைவிட அனுதாபமே அதிகம்.

இப்போது பண்டிதர் மாரெக் குழுவினரின் அந்தக் கட்டுரையை எல்லாக் கூட்டங்களிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் மேற்கோள் காட்டுகிறார். சிறு கூட்டத்தை வைத்துப் பெரிய விஷயம் பேசும் காலம் மலையேறிவிட்டது என்று இளைஞர்களுக்கு உபதேசிக்கிறார். நன்றியுணர்வு மூளையில் எங்கே இருக்கிறது என்று கண்டறிய அவர் சென்ற மாதம் அனுப்பிய மானிய விண்ணப்பத்தில், ஆட்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 24 என்று எழுதியிருக்கிறது.