வீடு மலிவு, சம்பளம் அதைவிட மலிவு

காம்பாரில் வீடு மலிவு. இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வரும் என் சித்தி மகன் இங்கே வீட்டு விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு கேஎல்லில் கார் நிறுத்த இடம்தான் கிடைக்கும்" என்று சிரிப்பான். சம்பளத்தைக் கோலாலம்பூரில் வாங்கிக்கொண்டு விலையைக் காம்பாரில் விசாரிக்கிறவனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். நான் இரண்டையும் பேராக்கிலேயே வைத்திருக்கிறேன்.

ஈயம் இருந்தவரை காம்பார் பணக்கார ஊர். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை கவிழ்ந்தது. சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் பெட்டியைக் கட்டினார்கள், தண்ணீர் நிறைந்த குட்டைகள் மட்டும் மிஞ்சின. "அந்தப் பக்கம் போனால் காலை உடைப்பேன்" என்று அம்மா எங்களை மிரட்டியது இந்தக் குட்டைகளைக் காட்டித்தான். பிறகு 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறந்தது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இப்போது அதே குட்டையைப் பார்த்த வீட்டுக்கு விலை கூட. அம்மா போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போக வங்கி கடன் கொடுக்கிறது.

மாணவர்கள் வந்ததில் ஊர் பிழைத்தது. வீடு தேடுகிறவன்தான் மாட்டிக்கொண்டான். பண்டார் பாருவில் எங்களுக்கு வீடு காட்டிய முகவர் சுவரையோ கூரையையோ பற்றிப் பேசவே இல்லை. "பாஸ், ஹாலைப் பலகை போட்டு அடைச்சா ஆறு ரூம் லா" என்றார்.

"நாங்கள் மூன்று பேர்தானே?"

"அதான் பாஸ், மத்த ரூமெல்லாம் ஸ்டூடண்டுக்கு. அவங்க கட்டுற காசுலேயே பேங்குக்குக் கட்டிடலாம்."

"ஏங்க, ஹாலை அடைச்சுட்டா நாம எங்க உட்காருவோம்னு கேளுங்க" என்றாள் என் மனைவி. கேட்டேன். முகவர் குழம்பிப் போனார். வாங்குகிற வீட்டில் குடியிருக்கப் போகிறோம் என்று அவரிடம் யாரும் அதுவரை சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் வீடு வாங்குகிறவனுக்கு இங்கே போட்டி இன்னொரு குடும்பம் இல்லை. அறைக் கணக்குப் போடும் வெளியூர் முதலாளிதான் போட்டி. 2020இல் கோவிட் வந்து மாணவர்கள் ஊருக்குப் போனபோது அந்த அறைகள் காலியாகக் கிடந்தன. நமக்கு ஒரு வழி பிறந்தது என்று நினைத்தேன். காலியாகக் கிடந்த அறைக்கும் விலை இறங்கவில்லை.

கொஞ்சம் விலை குறைந்த வீடு ஒன்று இருந்தது. தெரு நேராக வந்து வாசலில் முட்டும் வீடு. நாம் தெருக்குத்து என்போம், சீனர்கள் ஃபெங் சுயி சரியில்லை என்பார்கள். பேராக்கில் இரண்டு இனமும் ஒருமனதாக ஒதுக்கும் வீடு அது. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்றேன். "எனக்கு இருக்கு" என்றார் அம்மா. பேச்சு முடிந்தது.

கடைசியில் 280,000 வெள்ளிக்கு ஓர் ஒற்றை மாடித் தாமான் வீடு. வங்கி 90 விழுக்காடு தரும். மீதி 28,000 நம் கையிலிருந்து. வக்கீல் கட்டணம் ஏழாயிரத்துக்கு மேல். முதல் வீடு 500,000 வெள்ளிக்கு உட்பட்டிருந்தால் முத்திரை வரி இல்லை என்று அரசாங்கம் விட்டுக்கொடுத்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு வக்கீல் அறைக்குள் போனால் நன்றி தீர்ந்துவிடும்.

வீட்டுக் கடன் 35 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று பேங்க் நெகாரா 2013இல் வரம்பு வைத்தது. எனக்கு வயது 38. வங்கி எழுபது வயது வரைதான் எண்ணும், ஆகவே 32 ஆண்டு. நாலு விழுக்காடு வட்டியில் மாதம் 1,164 வெள்ளி. மொத்தம் கட்டுவது 447,000. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 195,000. என் ஜாதகம் பார்த்தவர் அறுபதுக்கு மேல் வாய் திறக்கவில்லை. வங்கி எழுபது வரை என்னை நம்புகிறது. அந்த நம்பிக்கையை நினைத்து நெகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, நடுவில் நான் செத்துவிட்டால் கடனை அடைக்க எம்ஆர்டிஏ காப்புறுதித் தாளையும் வங்கி அதிகாரி நீட்டினார்.

இன்னொரு சந்தேகத்தையும் கேட்டேன். ஓய்வு வயது 60. கடன் 70 வரை. நடுவில் பத்து வருடம் எதை வைத்துக் கட்டுவது? "இபிஎஃப் இருக்குமே சார்" என்றார். முன்பணத்துக்கு எதை எடுப்பது என்று அதற்கு முன்னால் கேட்டிருந்தேன். அதற்கும் இபிஎஃப் என்றுதான் சொன்னார்.

கஸானா ஆய்வுக் கழகம் 2015இல் ஒரு கணக்கை எடுத்து வைத்தது: வீட்டு விலை, குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் அது கட்டுப்படியாகும் வீடு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. பன்னிரண்டால் பெருக்கி மூன்றால் பெருக்கினால் 61,200. அந்த விலைக்குக் காம்பாரில் என்ன கிடைக்கும் என்று முகவரைக் கேட்டேன். அவர் புது காரின் பெயரைச் சொன்னார்.

அந்தக் காரில்தான் கதையின் முடிச்சே இருக்கிறது. என் மைத்துனனுக்கு ஈப்போவில், மெங்லெம்புத் தொழிற்பேட்டையில் வேலை. இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரவு ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் பஸ் ஏது? முதல் சம்பளம் வந்த கையோடு புது மைவி எடுத்தான், ஒன்பது வருடத் தவணையில், மாதம் 550 வெள்ளி. பிறகு வீட்டுக் கடனுக்குப் போனான். கார்த் தவணை, பிடிபிடிஎன் கல்விக் கடன் எல்லாவற்றையும் சம்பளத்தில் கழித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தில் வீடு அடங்காது என்றது வங்கி. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கடன் இல்லை, கார் இருந்தாலும் கடன் இல்லை. "அத்தான், பேசாம மைவியிலேயே குடியிருந்துடலாம்" என்கிறான்.

அதற்கு வங்கி ஒரு வழியும் சொன்னது: கூட்டுக் கடன். அதாவது இரண்டாவது சம்பளம். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று இரண்டையும் தனித்தனிக் கஷ்டமாக வைத்துப் போனார்கள் நம் பெரியவர்கள். இன்றைக்குக் கல்யாணம் பண்ணினால்தான் வீட்டைப் பார்க்கவே முடியும். மைத்துனனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெண் வீட்டார் முதலில் கேட்பது: "மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கா?"

என் அப்பா பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் தெருவுக்கு வந்தன. அப்போதுதான், 1960இல், சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். வீடு வாங்க வழியில்லாத தொழிலாளிகள் கூடித் தோட்டங்களையே வாங்கினார்கள். 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலோ தோட்டத் தொழிலாளர்களுக்கு 60,000 வெள்ளி வரை வீட்டுக் கடன் அறிவித்தார்கள். தவணை 40 ஆண்டு, அப்பன் முடிக்காததைப் பிள்ளை கட்டலாம். சொத்து சேர்த்து வைக்காத அப்பன்மாரும் பிள்ளைக்கு எதையாவது விட்டுப்போக அரசாங்கம் வழி செய்தது.

நாங்கள் அந்த 280,000 வீட்டை விட்டுவிட்டோம். என் சம்பளம் 3,000, மனைவியின் சம்பளம் 2,300. கஸானா கணக்கில் 190,800 வருகிறது. பழைய தாமான் ஒன்றில் 190,000 வெள்ளிக்குக் கைமாறிய வீட்டை வாங்கினோம். மாதம் 790 வெள்ளி. கூரை ஒழுகுகிறது, ஆனால் எங்கள் தலையில் ஒழுகுகிறது. குட்டையும் தெரியாது, தெருவும் வந்து குத்தாது.

ஆக, முதல் வீடு வாங்க முடியுமா என்று கேட்டால், காம்பாரில் முடியும்: இரண்டு சம்பளம் இருந்து, பழைய வீட்டுக்கு மனம் ஒப்பி, வேறு கடன் இல்லாமலிருந்தால். ஒற்றைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் முடியாது. வீட்டை இன்னும் மலிவாக்குவதால் மட்டும் அது தீராது, சம்பளமும் ஏற வேண்டும். அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை முதல் சம்பளத்தோடு கார்க் கடைக்குக் கிளம்பினால் தடுக்காதீர்கள், வேலைக்குப் போகக் கார் வேண்டும். ஆனால் பழைய காராகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.