முதுகில் எத்தனை கிலோ?

கேள்வி: பல நாள் மலைநடைப் பயணம் போகிறவர்கள் முதுகுப்பையில் எவ்வளவு எடை சுமக்கிறார்கள்?

பதில்: பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 70 கிலோ ஆளுக்கு 14 கிலோ. தொப்பையின் எடை இதில் சேராது, அது தனிச்சுமை.

பை, கூடாரம், படுக்கை, மாற்றுடை எல்லாம் சேர்ந்தது அடிப்படை எடை. இது 9 கிலோவுக்குள் இருந்தால் இலகு ரகம், 4.5 கிலோவுக்குள் என்றால் மிக இலகு ரகம். சாப்பாடு, தண்ணீர், அடுப்புக்கான எரிபொருள் ஆகியவை வழியில் தீர்ந்துவிடுவதால் தனிக்கணக்கு. உலர் உணவு நாளொன்றுக்கு முக்கால் கிலோ பிடிக்கும். தண்ணீரிடம் பேரம் பேச முடியாது: லிட்டருக்கு ஒரு கிலோ.

மீதி எடையெல்லாம் பயத்தின் எடை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை சுமார் 3,500 கி.மீ. நீளம். தென்முனையிலிருந்து கிளம்பி 50 கி.மீ. தாண்டினால் நீல் கேப் என்ற இடத்தில் ஒரு கடை. அங்கே பலர் பையைக் கொட்டிப் பிரித்து, வேண்டாததைப் பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்துவைத்தவைதான் முதலில் ஊர் திரும்பும்.

1955-ல் இதே பாதையை 67 வயதில் தனியாக நடந்து முடித்தவர் எம்மா கேட்வுட். தோளில் சொந்தமாகத் தைத்த டெனிம் பை. எடை 9 கிலோவுக்கும் குறைவு. கூடாரம் கிடையாது; மழைக்குக் குளியலறைத் திரை, காலுக்குக் கேன்வாஸ் ஷூ. 11 பிள்ளைகள் பெற்றவருக்கு எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.