சூப்பரின்டெண்டென்ட் சாரும் சிஸ்டமும்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார், மத்திய அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவரைப் பொறுத்தவரை அது ஒழுங்கு தெரியாத ஜூனியர் கிளார்க். சொன்னதைச் செய்யாது, செய்யாததற்கு எழுத்துமூலம் விளக்கமும் தராது.

சார் யாரிடமும் உதவி கேட்க மாட்டார். வேலையைப் பிரித்துக் கொடுப்பார். பக்கத்து வீட்டுப் பையன் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே குரல் வரும்: "தம்பி, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க. நான் ஒண்ணுமே பண்ணல. அதுவாத்தான் போயிடுச்சு." எது போனது என்பதைப் பையனே விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி ஓடும்.

பாஸ்வேர்டு கேட்டால் பீரோவிலிருந்து டைரி வரும். எல்லாம் முத்து முத்தான கையெழுத்து. மாற்றிய பாஸ்வேர்டுகளைச் சிவப்பு மையில் அடித்து, ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருப்பார். எந்தப் பாஸ்வேர்டு எந்தக் கணக்குக்கு என்பது மட்டும் இருக்காது. கேட்டால், "திருடன் கையில டைரி கிடைச்சா?" என்பார்.

அடுத்து ஓடிபி. செல்போன் பூஜையறையில் சார்ஜில் இருக்கும். அதை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, அனுப்பியவர் யார் என்பதிலிருந்து எச்சரிக்கை வாசகம் வரை முழுவதும் படித்து முடித்தபின்தான் எண்ணுக்கு வருவார். அதற்குள் அது காலாவதியாகியிருக்கும்.

நவம்பர் வந்தால் பையனுக்கு உண்மையான சோதனை: சாரின் பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட். முன்பெல்லாம் பேங்குக்குப் போய் அதிகாரி முன்னால் நின்று கையெழுத்துப் போட்டால் உயிரோடிருப்பது உறுதியாகிவிடும். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' வந்தது. வீட்டிலிருந்தே விரல் வைக்கலாம் என்றார்கள். சாருக்கோ வயதில் ரேகை தேய்ந்து போயிருந்தது. 2021இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றார்கள்.

சார் முழுக்கைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவது போல் உட்கார்ந்தார். எதிரில் இருப்பது ஆளா, அச்சடித்த போட்டோவா என்று செல்போனுக்குத் தெரிய வேண்டுமே. கண்ணைச் சிமிட்டச் சொன்னது.

"யாரைப் பார்த்துச் சிமிட்டறது?"

"கேமராவைப் பார்த்து சார்."

"அதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை."

உள்ளிருந்து அம்மா சொன்னார்: "நிஜந்தான் தம்பி. கல்யாணமான நாள்லேர்ந்து நானும் பார்க்கறேன்."

சாருக்குச் சிரிப்பு முட்டியது. அதில் கண் தானாகச் சிமிட்டியது. அவர் உயிரோடிருப்பதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. செல்போனுக்கு சர்டிபிகேட் எண்ணும் வந்தது.

பையன் எழுந்திருக்கப் பார்த்தான். "உட்காருங்க. மூணு காப்பி பிரிண்ட் எடுக்கணும். ஒண்ணு ஃபைலுக்கு, ஒண்ணு பேங்குக்கு, ஒண்ணு கைவசம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு சார் பேங்க் கவுன்ட்டரில் நின்றார்.

"இதெல்லாம் ஆன்லைன்லயே வந்துடும் சார். நீங்க நேர்ல வரவே வேண்டாம்."

"ரொம்ப நல்லது. நேர்ல வர வேண்டாம்னு சொன்னதுக்கு இந்தக் காப்பில ஒரு கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுத்துடுங்க."